என்.வி.கியூ 4 செயன்முறைப் பரீட்சை: விண்டோஸ் போடும்போது பிள்ளைகள் தடக்குப்படும் இடம்

என்.வி.கியூ 4 (தேசிய தொழிற்றகைமை நான்காம் நிலை) கணினி வன்பொருள் பரீட்சைப் பெறுபேறு வந்து மனம் ஆறியிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, எந்தப் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தாலும் மதிப்பீட்டுக்குப் போக முன்னம் இதை ஒருக்கால் வாசியுங்கோ. பாகங்களைக் கழற்றிப் பூட்டுவதும் நெட்வேர்க் வயர் அடிப்பதும் எல்லாருக்கும் கைவந்த வேலை, அதை விடுவம். வன்தட்டில் விண்டோஸ் போடுகிற நேரத்தில்தான் கெட்டிக்காரரும் தடக்குப்படுகினம்.

பூட் மெனுவை, அதாவது கணினி எதிலிருந்து தொடங்கவேணும் என்று கேட்கிற பட்டியலை, எடுத்தால் (டெல், லெனோவோவில் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9) ஒரே பென் ட்ரைவ் இரண்டு வரியில் தெரியலாம். ஒன்றின் முன்னால் யூ.இ.எஃப்.ஐ (கணினியைத் தொடக்கும் புதிய முறை) என்று இருக்கும், மற்றதில் (பழைய பயோஸ் முறை) இருக்காது. மேலே கிடக்கிறதை யோசிக்காமல் அமத்தக்கூடாது. யூ.இ.எஃப்.ஐ வரியால் உள்ளே போனால் விண்டோஸ் ஜி.பி.டி (தட்டின் பிரிவுகளைப் பதியும் புதிய முறை) தட்டில் மட்டுமே ஏறும். மற்ற வரியால் போனால் எம்.பி.ஆர் (அதன் பழைய முறை) தட்டில் மட்டுமே. இரண்டும் பொருந்தாவிட்டால் பார்ட்டிஷன் (தட்டின் பிரிவுகள்) திரையின் கீழே, இந்தத் தட்டில் நிறுவ முடியாது என்று எச்சரிக்கை வரும். அந்த வரியை அமத்தினால் காரணம் முழுக்க எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் "தட்டு பழுது சேர்" என்று சொல்கிற பிள்ளைக்கு மதிப்பீட்டாளர் எப்படிப் புள்ளி போடுவார்?

கை வைக்க முன்னம் ஒரு கேள்வி: தட்டில் இருக்கும் தரவு வேண்டுமா? கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேணும்.

வேண்டாமென்றால், எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து, ஒதுக்கப்படாத வெற்றிடம் ஒன்று மட்டும் மிஞ்சியதும் நெக்ஸ்ட் கொடுங்கோ. யூ.இ.எஃப்.ஐ வழியால் வந்திருந்தால் விண்டோஸ் தானே ஜி.பி.டி ஆக்கிக்கொள்ளும். கட்டளையால் செய்யச் சொன்னால் ஷிஃப்ட்டையும் எஃப் 10ஐயும் சேர்த்து அமத்தி, வரும் கட்டளைத் திரையில் ஒவ்வொன்றாக அடியுங்கோ: டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வேர்ட் ஜி.பி.டி. லிஸ்டில் பென் ட்ரைவும் சேர்ந்தே வரும், வன்தட்டு எப்போதும் 0 ஆக இருக்காது. அளவைப் பாருங்கோ: 500 ஜி.பி தட்டு 465 என்றுதான் காட்டும். கிளீன் "நிச்சயமா?" என்று கேட்காது, உடனே அழிக்கும்.

தரவு வேண்டுமென்றால் கிளீன் பக்கமே போகாதேங்கோ. விண்டோஸ் 10 என்றால் திரும்ப பூட் பண்ணி, தட்டுக்குப் பொருந்துகிற வரியால் போய், வேண்டிய தரவு சியில் இல்லாமல் வேறு பார்ட்டிஷனில் இருந்தால், சி பார்ட்டிஷனை மட்டும் ஃபோர்மட் பண்ணலாம். விண்டோஸ் உள்ள எம்.பி.ஆர் தட்டை அழிக்காமல் மாற்ற எம்.பி.ஆர்2ஜி.பி.டி என்ற கட்டளை உண்டு. பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ அது வேலை செய்யாது. இதைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்தால் வாய்மொழிக் கேள்விக்கும் பயமில்லை.

தட்டே தெரியவில்லையா? பழைய மேசைக் கணினியில் சாட்டா வயரையும் பவர் வயரையும் பாருங்கோ. 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தியதுமான மடிக்கணினி என்றால் ஆர்.எஸ்.டி (தட்டைக் காட்டும் இன்டெல்) டிரைவரை, பார்ட்டிஷன் திரையின் லோட் டிரைவரில் கொடுக்க வேண்டிவரும்.

மற்றவை:

- ரூஃபஸில் (விண்டோஸ் போடும் பென் ட்ரைவை ஆக்கும் மென்பொருள்) ஜி.பி.டியைத் தெரிவுசெய்து ஆக்கிய பென் ட்ரைவ் பழைய பயோஸில் பூட் ஆகாது. இரண்டு விதமாகவும் செய்து இரண்டு பென் ட்ரைவ் கொண்டு போங்கோ.
- விண்டோஸ் 11க்கு டி.பி.எம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), 4 ஜி.பி ராம், 64 ஜி.பி இடம், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இரண்டும் கேள்வியாக வரக்கூடியவை.
- முதல் ரீஸ்டார்ட்டில் பென் ட்ரைவைக் கழற்றுங்கோ. விட்டால் சில கணினி திரும்ப முதல் திரைக்கே போகும்.
- திகதி பிழையாக இருந்தால் சி.ஆர் 2032 பற்றரியை மாற்றி, பயோஸில் திகதியைச் சரிசெய்யுங்கோ. பிழைத் திகதியோடு பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்காது, அப்டேட்டும் சிக்கும்.
- நேர வலயம் ஸ்ரீ ஜயவர்த்தனபுர, +5:30.
- லான் (நெட்வேர்க்) டிரைவரை முன்னமே இறக்கி வையுங்கோ. டிவைஸ் மனேஜரில் (பாகங்களின் பட்டியல்) ஒரு மஞ்சள் குறியாவது மிஞ்சியிருக்கும் வரைக்கும் "முடிந்தது" என்று சொல்லாதேங்கோ.

எங்கட பக்கத்துக் கரண்டை நம்பி யூ.பி.எஸ் இல்லாமல் தொடங்கவேண்டாம். கோப்பு ஏறிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடராது. அப்படி நடந்தால் பதறாமல் மதிப்பீட்டாளரிடம் சொல்லி, விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்த பார்ட்டிஷன்களை மட்டும் அழித்து, பூட் மெனுவிலிருந்து திரும்பத் தொடங்குங்கோ.