டேப் ஒட்டிய 3

தெருவில் பந்து ஆடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கோலில் நிற்க யாரும் தானாக முன்வர மாட்டார்கள். ஓட முடியாதவன், முதல்முறை ஆட வந்தவன், கூட்டத்திலேயே சின்னவன், இப்படி எவனாவது ஒருவன் தலையில் அதைக் கட்டுவார்கள். நான் மூன்றாவது வகை. இரண்டு செருப்பை எட்டெட்டு அடி தள்ளி வைத்துவிட்டு "டேய், நீ அங்க நில்லு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அதனால்தானோ என்னவோ, 2022 ஜனவரி 24 இரவு கேமரூனில் நடந்த ஒரு ஆட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு நாட்டின் தேசிய அணியில், ஆப்பிரிக்கக் கோப்பையின் நாக் அவுட் ஆட்டத்தில், இடது ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுக்கிற ஒரு லெஃப்ட் பேக்கைப் பார்த்து "நீ அங்க நில்லு" என்று சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

நாடு கொமொரோஸ். மொசாம்பிக்குக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே கடலில் இருக்கும் மூன்று தீவுகள்: கிராண்ட் கொமோர், அஞ்சுவான், மொஹேலி. நான்காவதாக மயோட்டே என்று ஒரு தீவு பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அது பிரான்ஸோடே தங்கிவிட்டது. மற்ற மூன்றும் 1975 ஜூலை 6 அன்று சுதந்திரம் அறிவித்தன. மக்கள் தொகை எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஏலக்காய் நமக்கு எப்படியோ அப்படி அவர்களுக்கு வெனிலாவும் கிராம்பும். தலைநகர் மொரோனிக்குப் பின்னால் கார்த்தாலா என்று ஒரு எரிமலை நிற்கிறது, அது இன்னும் உயிரோடு இருக்கிற எரிமலை.

அணியின் செல்லப்பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சீலகாந்த்கள். சிங்கம், கழுகு, யானை என்று ஆப்பிரிக்க அணிகள் பெயர் வைத்துக்கொண்டிருக்க, இவர்கள் ஒரு மீனின் பெயரை வைத்திருக்கிறார்கள், அதுவும் பார்க்க அழகாக இல்லாத மீன். டைனோசர்களோடு சேர்ந்து ஆறரைக் கோடி வருடங்களுக்கு முன்பே அழிந்துபோனதாக விஞ்ஞானிகள் நம்பிக்கொண்டிருந்த இந்த மீன் 1938இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு படகின் வலையில் வந்து விழுந்தது. இன்னொன்று கிடைத்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று துண்டுப் பிரசுரம் அடித்துக் கடற்கரை கடற்கரையாகக் கொடுத்தார்கள். பதினான்கு வருடம் கழித்து, 1952இல், அது கிடைத்த இடம் கொமொரோஸ். அங்குள்ள மீனவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அவ்வப்போது தூண்டிலில் வந்து மாட்டுகிற, அவர்கள் பாஷையில் கொம்பெஸ்ஸா அது, எண்ணெய் வழிகிற சதை, தின்னவும் லாயக்கில்லை. அதன் சொரசொரப்பான செதிலை சைக்கிள் ட்யூபில் பஞ்சர் ஒட்டுவதற்கு முன் தேய்க்க வைத்துக்கொள்வார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. உலகம் செத்துப்போனது என்று எழுதி வைத்ததை இவர்கள் உப்புத்தாளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்!

சரி, பந்துக்கு வருவோம்.

ஃபிஃபாவில் இவர்கள் உறுப்பினர் ஆனதே 2005இல்தான். கொஞ்ச காலம் அடி வாங்குவதே வேலையாக இருந்தது. 2014இல் அமீர் அப்து என்று ஒருவர் பயிற்சியாளராக வந்தார், பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவர், பெரிய பெயர் எதுவும் கிடையாது. இதற்கிடையே மொரிட்டானியாவில் ஒரு கிளப்பின் பயிற்சியாளர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். இரண்டு வேலை பார்த்த ஆள்! அவர் செய்த முக்கியமான காரியம், பிரான்ஸ் முழுக்கச் சிதறிக் கிடந்த கொமொரியக் குடும்பத்துப் பையன்களைத் தேடிப் பிடித்து, இரண்டாம் டிவிஷனிலும் மூன்றாம் டிவிஷனிலும் ஆடிக்கொண்டிருந்தவர்களை இந்தச் சட்டை போட சம்மதிக்க வைத்தது. மொரோனியைவிட மார்செய் நகரத்தில்தான் கொமொரியர்கள் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. எண்ணிக்கை எப்படியோ, அணியின் பட்டியலைப் பார்த்தால் அந்தப் பேச்சை நம்பத் தோன்றும். "இது பிரெஞ்சு பி டீம்தானே" என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு இல்லை. அப்பா அம்மா பிழைப்புக்காகக் கப்பலேறிய ஊருக்காகப் பிள்ளை ஆடுவதில் என்ன குறை வந்துவிட்டது? பெரிய அணிகளிலும் அதேதானே நடக்கிறது, அங்கே மட்டும் யாரும் கேட்பதில்லை.

பலன் மெல்ல மெல்லத் தெரிந்தது. 2015இல் கானாவைச் சொந்த மண்ணில் 0-0 என்று நிறுத்தினார்கள். 2018இல் கேமரூனோடு சொந்த மண்ணில் 1-1. அப்புறம் 2021 மார்ச் 25 அன்று டோகோவோடு ஒரு கோலில்லாத ஆட்டம், அதில் கிடைத்த ஒரு புள்ளி போதுமானதாக இருந்தது. வரலாற்றில் முதல்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பை.

அங்கே போய் முதல் ஆட்டத்தில் காபோனிடம் 0-1, அடுத்து மொராக்கோவிடம் 0-2. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நானும் நினைத்தேன். மூன்றாவது ஆட்டம் கானாவோடு, நான்கு முறை கோப்பை வென்ற அணி. நான்காம் நிமிடத்திலேயே எல் ஃபர்து பென் நபுஹான் ஒரு கோல் போட்டார். 25ஆம் நிமிடத்தில் கானா கேப்டன் ஆந்த்ரே ஆயூ சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அகமது மோக்னி 2-0 ஆக்கினார். பிறகு பத்துப் பேரை வைத்துக்கொண்டே கானா இரண்டு கோலையும் திருப்பிக் கொடுத்தது, அந்த நேரத்தில் இது வழக்கமான கதையாக முடியும் என்றுதான் தோன்றியது. 85ஆம் நிமிடத்தில் மோக்னி மறுபடியும் அடித்தார். 3-2. கானா குரூப்பில் கடைசி இடத்தோடு வீட்டுக்குப் போனது.

ஆனால் இதோடு முடியவில்லை. மூன்றாம் இடத்து அணிகளில் சிறந்த நான்குக்குத்தான் அடுத்த சுற்று, அதற்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சியரா லியோன் ஈக்குவடோரியல் கினியாவிடம் 0-1 என்று பின்தங்கியிருந்தது, சமன் செய்தால் சியரா லியோன் உள்ளே, கொமொரோஸ் வெளியே. கடைசி நிமிடங்களில் சியரா லியோனுக்குப் பெனால்டி. கை கமாரா அடித்தார், ஈக்குவடோரியல் கினியாவின் கோல் கீப்பர் ஓவோனோ தடுத்துவிட்டார். முன்பின் பழக்கமில்லாத ஒரு நாட்டு கோல் கீப்பரின் கை கொமொரோஸை அடுத்த சுற்றுக்குத் தூக்கிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து இவர்களுக்குச் சொந்தக் கையே இல்லாமல் போகப்போகிறது.

அணியில் மூன்று கோல் கீப்பர்கள். சலீம் பென் பொய்னா கானா ஆட்டத்தில் அடிபட்டுவிட்டார், தோள்பட்டை. மீதி அலி அகமதாவும் மொயாத் உசேனியும். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அணிக்குள் கொரோனா நுழைந்தது, மொத்தம் 12 பேர், அதில் பயிற்சியாளர் அமீர் அப்துவும் இந்த இரண்டு கோல் கீப்பர்களும் அடக்கம். ஆட்டத்தன்று அகமதாவுக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் ஐந்து நாள் தனிமை முடிந்திருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி ஆட விடவில்லை. விதி விதிதான், புரிகிறது. ஆனால் எதிரே நிற்பது போட்டியை நடத்தும் நாடான கேமரூன், ஐந்து முறை சாம்பியன். அந்த விதி எதிர்ப்பக்கத்தில் மூன்று கோல் கீப்பரையும் தூக்கியிருந்தால் இதே கறாரைக் காட்டியிருப்பார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அது சந்தேகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷாக்கெர் அல்ஹாதூர். லெஃப்ட் பேக். வயது 30, பிரான்ஸில் அஜாக்சியோ அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். உயரம் சுமார் 1.72 மீட்டர், கோல் கீப்பர்களுக்கு நடுவே நிறுத்தினால் தோளுக்குத்தான் வருவார். பயிற்சியில் கோலில் நின்று பார்த்ததில் இவர் பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அவருக்கு என்று கோல் கீப்பர் சட்டை அடித்து வைத்திருக்க யாருக்குத் தோன்றியிருக்கும்? இருந்த சட்டை ஒன்றில் டேப்பை வெட்டி ஒட்டி 3 என்று எண் போட்டிருந்தார்கள். கோணல்மாணலான 3. பள்ளி நாடகத்துக்கு அம்மா கடைசி நேரத்தில் தைத்துக் கொடுத்த உடுப்பு மாதிரி.

ஏழாம் நிமிடம். கேப்டன் நஜீம் அப்து ஒரு கேமரூன்காரரின் காலில் மிதித்துவிட்டார், நடுவர் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து சிவப்பு அட்டை காட்டினார். வேண்டுமென்று மிதித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை, ஆனால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எந்த மிதியும் கொடூரமாகத்தான் தெரியும். ஆக, கோல் கீப்பர் இல்லை, பயிற்சியாளர் இல்லை, கேப்டன் இல்லை, பத்துப் பேர், இன்னும் 83 நிமிடம் பாக்கி. நான் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருக்க வேண்டும். ஏழு எட்டு கோல் வாங்குவதை உட்கார்ந்து பார்க்கும் தைரியம் எனக்கில்லை. ஆனால் ரிமோட் கையில் இருந்தும் விரல் போகவில்லை.

29ஆம் நிமிடத்தில் கேமரூனின் டோகோ எகாம்பி முதல் கோல் அடித்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் விசித்திரம். அல்ஹாதூர் பந்தைத் தடுக்கிற விதத்தில் ஒரு கோல் கீப்பருக்குரிய எதுவும் இல்லை. குதிக்க வேண்டிய இடத்தில் விழுகிறார், பிடிக்க வேண்டியதைத் தட்டிவிடுகிறார், காலை நீட்டுகிறார், உடம்பை முழுசாகக் குறுக்கே போடுகிறார். ஒரு டிஃபெண்டர் எப்படி ஷாட்டுக்குக் குறுக்கே போய் விழுவாரோ அதையே கையுறை மாட்டிக்கொண்டு செய்தார். கேமரூனின் அபூபக்கர் கிட்டத்தில் இருந்து அடித்ததை ஒருமுறை தடுத்து, திரும்பி வந்த பந்தையும் எழுந்து தடுத்தார், நான் சோபாவில் இருந்து எழுந்தேவிட்டேன். அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவரே அந்த அபூபக்கர்தான். எனக்கு அந்த இரண்டு செருப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு வித்தியாசம், இந்த மனுஷன் கண்ணை மூடவில்லை.

70ஆம் நிமிடத்தில் அபூபக்கர் ஒருவழியாக இரண்டாவதைப் போட்டார். 2-0, சரி, மரியாதையான தோல்வி, போதும் என்று நினைத்தேன்.

81ஆம் நிமிடம் ஒரு ஃப்ரீ கிக். கோலில் இருந்து ரொம்பத் தூரம், அங்கிருந்து அடிப்பார்கள் என்றே யாரும் நினைக்க மாட்டார்கள், உயரமாகத் தூக்கிக் கூட்டத்துக்குள் போடுவார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். யூசூஃப் எம்சங்காமா, மார்செய் பையன், நேராகக் கோலைப் பார்த்து அடித்தார். எதிரே கோலில் நிற்பது ஆந்த்ரே ஓனானா, ஆறடிக்கு மேல் உயரம், பிறந்ததில் இருந்தே கையுறை போட்டவர் போல இருப்பார். பந்து காற்றில் வளைந்து போய் வலைக்குள் இறங்கியது, ஓனானா பாய்ந்தும் பலனில்லை. ஒரு பக்கம் டேப் ஒட்டிய சட்டையில் ஒரு லெஃப்ட் பேக், இன்னொரு பக்கம் உலகத்தரக் கோல் கீப்பர், அந்த இரவின் மிகச் சிறந்த கோலை வாங்கியது யார் என்று பாருங்கள்! நான் கத்திய கத்தில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்கள். "தோத்துட்டு இருக்காங்க" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

2-1 என்றே முடிந்தது. ஆட்டம் முடிந்து செய்திகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, யவுண்டேயின் அந்த ஒலெம்பே மைதானத்தின் வாசலில் நெரிசலில் சிக்கி 8 பேர் செத்துப்போயிருந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள். உள்ளே விழுந்த அந்த கோலுக்கு நான் வீட்டில் கத்திக்கொண்டிருந்தபோது அவர்கள் உயிரோடு இல்லை. இந்த ஆட்டத்தை யார் எப்போது சிலாகித்துப் பேசினாலும் எனக்கு அந்த வாசலும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

மறுநாளில் இருந்து உலகம் முழுக்க அந்த டேப் 3 படம்தான் சுற்றியது. பாவம், வேடிக்கை, அதிசயம் என்று ஆளாளுக்கு ஒரு தலைப்பு. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. பத்துப் பேரோடு, கோல் கீப்பரே இல்லாமல் போட்டியை நடத்தும் நாட்டைக் கடைசி நிமிடம் வரை வியர்க்க வைத்த அணியைப் பரிதாபப் படமாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோனார்கள். எட்டு வருடம் ஊர் ஊராகப் பையன்களைத் தேடி அலைந்தவரின் வேலை அந்த டேப்பில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அமீர் அப்து அந்தக் கோப்பை முடிந்த கொஞ்ச நாளில் மொரிட்டானியாவின் தேசிய அணிக்குப் போய்விட்டார்.

அவர் போனபிறகு மறுபடியும் பழைய இடத்துக்கு இறங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன், இறங்கவில்லை. 2023 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கானா மொரோனிக்கு வந்தது, மைசியான் மவொலிடா அடித்த ஒரே கோலில் தோற்றுத் திரும்பியது. இரண்டாவது முறை! கானாக்காரர்களுக்கு இந்த மீனைக் கண்டாலே ஆகாது என்று நினைக்கிறேன். 2024 அக்டோபரில் துனிசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வென்றார்கள், அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கும் தகுதி பெற்றார்கள்.

அந்தக் கோப்பையின் தொடக்க ஆட்டம் 2025 டிசம்பர் 21, ரபாத்தில், மொராக்கோவோடு. அணிப் பட்டியல் வந்ததும் நான் முதலில் தேடியது ஸ்ட்ரைக்கர் யார் என்பதை அல்ல, எத்தனை கோல் கீப்பர் இருக்கிறார்கள் என்பதைத்தான். கோலில் நின்றவர் யானிக் பண்டோர், ஒழுங்காக அச்சடித்த எண் போட்ட சட்டையோடு. ஆரம்பத்திலேயே மொராக்கோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ரஹிமி அடித்தார். பண்டோர் தடுத்துவிட்டார். பிறகு 0-2 என்று தோற்றார்கள், எல் காபி அந்தரத்தில் திரும்பி அடித்த ஒரு கோலை எந்த கோல் கீப்பராலும் தடுத்திருக்க முடியாது, டேப் ஒட்டியவராலும் சரி, ஒட்டாதவராலும் சரி.