பில்போ சொன்ன பொய்

நீண்டகாலமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கற்பனை உலகத்தில், முன்பு நடந்ததாக எழுதியதைப் பிறகு மாற்றினால் செல்லுமா? எது நிஜமாக நடந்தது என்று அந்த உலகமே ஒப்புக்கொள்கிறதோ அதைத்தான் ரசிகர்கள் கேனன் என்கிறோம். இதில் எனக்கும் என் தம்பிக்கும் பல வருடச் சண்டை. "எழுதினவர் மாத்திட்டா மாத்தினதுதான்க்கா, கேக்க நாம யாரு?" என்பான். அவ்வளவு லேசாக விட எனக்கு மனம் வருவதில்லை.

டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' நாவலில் எனக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. இருட்டுக் குகையில் கோல்லம் என்ற பிராணி வழியை மறித்துக் குந்தியிருக்கிறது. கதாநாயகன் பில்போ கையில் வாள். ஒரே குத்தில் முடித்துவிடலாம். ஆனால் அவனுக்கு இரக்கம் வந்துவிடுகிறது, அதைத் தாண்டிக் குதித்து ஓடுகிறான். பள்ளி நாட்களில் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1937இல் வந்த முதல் பதிப்பில் அந்த இரக்கமே கிடையாது என்று பின்னால் தெரிந்தபோது ஆடிப்போனேன். அதில் கோல்லம் பரிசாகத் தன் மாய மோதிரத்தையே தருவதாகச் சொல்கிறது. விடுகதைப் போட்டியில் தோற்றதும் ஒழுங்காக அதை எடுத்துவரப் போகிறது. மோதிரம் காணவில்லை (அது ஏற்கெனவே பில்போவின் பையில்). திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டு, வழி காட்டி அனுப்பிவைக்கிறது.

அப்புறம் டோல்கீன் அதன் தொடர்ச்சியாக 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதத் தொடங்கினார். மோதிரம் ஆளையே பிடித்து ஆட்டும் கொடிய பொருளாக வளர்ந்துவிட்டது. அதைப் பரிசாகத் தருகிற கோல்லத்தை யார் நம்புவார்கள்? 1947இல் அந்த அத்தியாயத்தைத் திருத்தி ஒரு மாதிரிக்காகப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். 1951 பதிப்பில் அதுவே அச்சேறியது. இரக்கம் கதைக்குள் வந்தது அப்படித்தான். கடைசியில் மோதிரம் அழிவது கோல்லம் உயிரோடு இருந்ததால்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

இதோடு நின்றிருந்தால் வெறும் பாடபேதம். அவர் பழைய வடிவத்தை அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு பொய்யாக ஆக்கினார். மோதிரம் தனக்கே உரியது என்று காட்ட பில்போ மற்றவர்களிடம் சொன்ன கதை அது. தன் நினைவுக்குறிப்பிலும் அப்படியே எழுதிவைத்தான். மந்திரவாதி கான்டால்ஃப் நம்பவில்லை. பொய் பேசாத பில்போ ஏன் பொய் சொன்னான்? மோதிரம் அப்போதே அவனைப் பிடித்துவிட்டது! முதல் பதிப்பு வைத்திருந்தவர்களின் கையில் இருந்தது பில்போவின் பொய்.

விண்வெளிக் கடத்தல்காரன் ஹான் சோலோவுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், மதுக்கடையில் தன்னை மடக்கிய கிரீடோ என்ற கூலி வேட்டைக்காரனை அவன் முந்திக்கொண்டு சுட்டுவிடுகிறான். 1997இன் திருத்தத்தில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுகிறான். தன் காரியம்தான் பெரிது என்றிருந்தவன் நண்பர்களுக்காகத் திரும்பி வருவதுதான் அந்தப் படத்தில் ஹானின் கதை. ஆரம்பத்தை மெழுகிவிட்டால் அவன் வந்த தூரம் குறைந்துவிடுகிறது. பழைய காட்சிக்கு அந்த உலகத்தில் எந்த இடமும் இல்லை. இதை நான் கேனனாக ஏற்கவே மாட்டேன்.

2014இல் அதே உலகத்தின் பழைய நாவல்களை 'லெஜண்ட்ஸ்' என்று கேனனுக்கு வெளியே ஒதுக்கினார்களே, அதுகூடப் பரவாயில்லை. வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் ஒதுக்கினார்கள்.

போன வாரம் தம்பி மடக்கினான். "சரி, அந்த முதல் பதிப்பு கேனனா இல்லையா? ஒண்ணு சொல்லு."

"பில்போ அப்படிச் சொன்னான்கிறது கேனன். அப்படி நடந்ததுங்கிறது இல்ல."

கொஞ்சம் யோசித்தான். "அப்போ கிரீடோதான் முதல்ல சுட்டான்னு ஹான் யார்கிட்டயாவது பொய் சொல்லியிருந்தா ஒத்துப்பியா?"

ஒத்துக்கொள்வேன். அப்படியொரு காட்சியை யாராவது எடுத்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.