கொடுத்தவனை மறவாத பாட்டு

நம் திரைப்படங்களில் கடவுளை நோக்கிப் பாடப்பட்ட பாடல்களில் பெரும்பாலானவை வேண்டுதல்கள். எஞ்சியவற்றில் பல முறையீடுகள். 'ஒளி விளக்கு' (1968) படத்தில் பி. சுசீலா பாடிய 'இறைவா உன் மாளிகையில்' ஓர் உயிரைக் காக்கச் சொல்லி மன்றாடும் பாட்டு, 1984-இல் எம்.ஜி.ஆர். நோய்வாய்ப்பட்டிருந்தபோது திரையரங்குகளில் அதையே ஒலிக்கவிட்டு மக்கள் கண்ணீரோடு வேண்டிக்கொண்டார்கள். ஆனால் கேட்டது கிடைத்த பிறகு என்ன பாடுவது என்று வரும்போது நம் சினிமா பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. நன்றிப் பாட்டுகள் இல்லாமல் இல்லை. அவை தாய்க்கும் மனைவிக்கும் போய்விடுகின்றன.

அந்தக் குறையைத் தீர்த்ததாக நான் கருதுவது, 'தெய்வம்' (1972) படத்தில் கண்ணதாசன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்து, மதுரை சோமு பாடிய 'மருதமலை மாமணியே முருகையா'. "கோடிகள் குவிந்தாலும் கோமகனை மறவேன்" என்ற வரியைச் சோமு பாடும்போது, கேட்டுப் பெற்றவன் தன் கையில் பணம் புரளும் காலத்திலும் வந்து நிற்பேன் என்று உறுதி கொடுப்பதாகவே எனக்குக் கேட்கிறது. படத்தைத் தயாரித்த சாண்டோ சின்னப்பா தேவர், தம் வளர்ச்சியெல்லாம் முருகன் தந்தது என்று நம்பி மருதமலைக் கோயிலுக்கு வாரிக் கொடுத்தவர். ஆகவே அந்த வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருந்தது. சோமு கச்சேரி வித்துவான் என்பதும் பெரிய பேறு. திரைக்காக அவர் குரலை அடக்கிக்கொள்ளவே இல்லை.

எங்கள் குமரி மாவட்டத்தில் இந்த உணர்வுக்கு நேர்ச்சை என்று பெயர். கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலில் தலைவலி தீர்ந்தவர்கள் மண்டையப்பம் படைப்பதைப் பாருங்கள். அரிசிமாவும் சிறுபயறும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, உருண்டையாகப் பிடித்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து சன்னதிக்கு எடுத்துச் செல்லும் அந்தப் பெண்கள் அன்று புதிதாக எதையும் கேட்பதில்லை. சொன்ன வாக்கை நிறைவேற்ற வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேருக்குப் பின்னால் தரையில் விழுந்து வணங்கிக் கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்களில் பலரும் அப்படி வந்தவர்களே. தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா இறைவனைப் போற்றிப் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுக்கொருமுறை விடிய விடியப் பாடுவதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன்.

2009 பிப்ரவரியில் ஆஸ்கர் மேடையில் இரண்டு விருதுகளைப் பெற்ற ஏ.ஆர். ரகுமான், "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னபோது நாம் இத்தனை மகிழ்ந்ததற்கு, அவர் வெற்றி மட்டும் காரணமல்ல. புகழின் உச்சியில் நின்றுகொண்டு அதைத் தனதென்று கொள்ளாத ஒருவரைக் கண்டோம்.

பக்திப் படம் எடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கண் திறக்கும் சிலையையும் அசையும் வேலாயுதத்தையும் போதுமான அளவு காட்டிவிட்டீர்கள். நோய் தீர்ந்து ஓராண்டு கழித்து, நேர்ந்துகொண்டதை மறக்காமல் பஸ் ஏறி மண்டைக்காட்டுக்கு வரும் ஒரு தாயை, அவசரப்படாமல், ஒரு முழுப் பாட்டு நேரத்துக்குக் காட்டுங்கள். நாகர்கோவிலில் அந்தப் படத்தை முதல் நாளிலேயே குடும்பத்தோடு போய்ப் பார்ப்பேன்.