முதல் உறைபனிக்கு முன் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகள்

குளிர்காலத் தயாரிப்பு என்றதும் பலர் ஜன்னலுக்குத் தடித்த திரை வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவரும் எங்கள் அனுபவத்தில், முதலில் ஏற வேண்டிய இடம் அட்டிக், அதாவது கூரைக்கும் உள்கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடம். சூடான காற்று மேலே போய், உள்கூரையில் கிடைக்கும் ஓட்டை வழியாக வெளியேறும். வெளியேறிய அளவுக்கு வெளிக்காற்று கீழ்த்தளத்து இடுக்குகளில் புகுந்து உள்ளே வரும். மேலே அடைத்தால் கீழே கால் சில்லிடுவதும் குறையும்.

அட்டிக்கில் மரச்சட்டங்களின் மேல் மட்டும் காலை வையுங்கள். நடுவில் மிதித்தால் உள்கூரை உடையும். டார்ச் அடித்து, வீட்டுச் சூடு வெளியேறாமல் இருக்க அங்கே விரித்திருக்கும் இன்சுலேஷனின் நிறத்தைப் பாருங்கள். கண்ணாடியிழைப் போர்வையில் கறுத்த திட்டு இருந்தால், பெரும்பாலும் அந்த வழியாகக் காற்று போய்ப்போய்த் தூசி படிந்திருக்கிறது. போர்வையைத் தூக்கினால் ஒயர் இறங்கும் துளையோ, கழிவுநீர் பைப்பைச் சுற்றிய இடைவெளியோ கண்ணில் படும். 6 மி.மீ. வரை சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போதும், அதைவிட அகலமென்றால் ஸ்ப்ரே ஃபோம் (அடித்ததும் விரிந்து இறுகும் நுரை). புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். அங்கே தகரத்தை வெட்டிப் பொருத்தி, விளிம்பைத் தீத்தடுப்பு சீலண்டால் மூட வேண்டும்.

அட்டிக் கதவின் சட்டத்தில் ரப்பர் பட்டையும், கதவின் மேற்புறம் இன்சுலேஷன் பலகையும் ஒட்டுங்கள். கூடுதல் இன்சுலேஷன் விரிப்பது இதற்கெல்லாம் பிறகுதான். கண்ணாடியிழை காற்றைத் தடுக்காது. ஓட்டையை அடைக்காமல் விரித்தால் பணம் வீண், அப்புறம் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். கூரை விளிம்பில் உள்ள காற்றோட்டத் துளைகளை இன்சுலேஷன் மூடிவிடக் கூடாது. மூடினால் ஈரம் தங்கும். கூரையும் சூடாகிப் பனி உருகும். அந்த நீர் குளிர்ந்த விளிம்பில் மறுபடி உறைந்து அணைபோல நின்று, ஓட்டுக்கு அடியில் புகும்.

அக்ரிலிக் சீலண்ட் சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக இறுகாது. பசைப்பட்டைகளும் குளிர்ந்த சட்டத்தில் பிடிக்காது. அதனால் பகலில் 10 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களிலேயே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

கீழே வந்தால் ஊதுபத்தி சோதனை. காற்று வீசும் நாளாகப் பார்த்து, கதவு ஜன்னல்களைச் சாத்தி, எரிவாயுக் கருவிகளை அணைத்துவிட்டு, குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போடுங்கள். பத்தியை ஜன்னல் சட்டம், கதவின் அடிப்பகுதி, வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயிண்ட் ஆகியவற்றின் அருகே மெல்ல நகர்த்துங்கள். புகை சாயும் இடத்தில் கசிவு.

அசையாத இணைப்புக்கு சீலண்ட், அசையும் இணைப்புக்குப் பட்டை. இந்த ஒரு விதியை மாற்றிச் செய்வதால்தான் பாதி வேலை கெடுகிறது. பெயிண்ட் அடிக்கப்போகும் இடத்தில் சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பெயிண்ட் நிற்காது. கதவுப் பட்டை எவ்வளவு தடிமன் என்பதும் முக்கியம். அதிகத் தடிமனாக இருந்தால் தாழ்ப்பாள் விழாது. வீட்டிலுள்ளவர்கள் கதவை ஓங்கிச் சாத்துவார்கள், பட்டை உரிந்து வந்துவிடும். ஒட்டும் முன் பழைய பசையைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஒட்டிய பின் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே இன்னும் இடைவெளி இருக்கிறது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே ஃபோம் அடிப்பதானால் குறைவாக விரியும் வகையை வாங்குங்கள். சாதாரண ஃபோம் சட்டத்தை வளைத்து ஜன்னலைத் திறக்க முடியாமல் செய்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய சேதம் தண்ணீரால்தான். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. ஆனால் பைப் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. வளரும் பனிக்கும், பைப்பின் முனையில் திறந்து மூடும் குழாய்க்கும் (டேப்) நடுவே சிக்கிய நீரில் அழுத்தம் ஏறி, அந்தப் பகுதியில் எங்கோ பிளக்கிறது. கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டவிடச் சொல்வது இந்த அழுத்தத்தை இறக்கத்தான்.

வெளிக்குழாயில் மாட்டிய ஹோஸை முதலில் கழற்றுங்கள். உறையாத வகைக் குழாய் என்று விற்கப்படுவதும் ஹோஸ் மாட்டியிருந்தால் வெடிக்கும், ஏனென்றால் உள்ளே நிற்கும் நீர் வடிய வழியில்லை. சாதாரணக் குழாயென்றால் உள்வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து நீரை வடியவிட்டு, அப்படியே திறந்து வையுங்கள். உள்வால்வின் பக்கத்தில் சிறு மூடி இருந்தால் அதையும் திருகி மிச்சத் துளிகளை வெளியேற்றலாம்.

சூடேற்றாத இடங்களில் ஓடும் பைப்புக்கு, அதன் வெளிவிட்டத்துக்குச் சரியான ஃபோம் உறையை வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால் உள்ளே காற்று ஓடும். பைப் திரும்பும் முழங்கையில் உறையை 45 டிகிரியில் வெட்டி இணைத்து, பிளவு முழுவதும் டேப் சுற்றுங்கள். பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த முழங்கைதான். உறை வெப்பத்தை உண்டாக்காது, இழப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. குளிர் நாள்கணக்கில் நீடிக்கும் இடங்களில் அது போதாது, பைப்பை மின்சாரத்தால் சூடாக வைக்கும் வெப்பக் கேபிள் தேவைப்படும். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் அடியலமாரிக் கதவுகளை இரவில் திறந்து வையுங்கள். வெளியூர் போனாலும் ஹீட்டரை 13 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம்.

பாய்லரில் சூடான நீர் ஓடி அறையைச் சூடேற்றும் ரேடியேட்டர் மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று இருக்கிறது. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, ரேடியேட்டரின் காற்றுத் திருகில் அதற்கான சாவியைப் போட்டுக் கால் சுற்று திருப்புங்கள். புஸ்ஸென்ற சத்தம் நின்று நீர் வந்ததும் மூடி, பாய்லர் அழுத்தத்தைப் பாருங்கள். வீட்டு பாய்லர்கள் பெரும்பாலானவற்றுக்குக் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்த அளவு) வரை இருக்க வேண்டும். சூடான காற்றை ஊதும் காற்றுவழி ஹீட்டரென்றால் ஃபில்டரை மாற்றுங்கள், அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கட்டும்.

வீட்டை இறுக்கமாக அடைத்தபின் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இருக்கவே கூடாது. அந்த வாயுவுக்கு மணமும் நிறமும் கிடையாது. ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் ஒன்று வையுங்கள். எரிகருவிக்குக் காற்று தரும் துளையைக் குளிர் வருகிறதென்று ஒருபோதும் அடைக்காதீர்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவும் வேண்டாம்.

அப்படியும் பைப் உறைந்துவிட்டால், குழாயைத் திறந்துவிட்டு, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். நெருப்பு காட்டக் கூடாது. பைப் ஏற்கெனவே பிளந்திருந்தாலும் பனி உருகிய பிறகுதான் தண்ணீர் பீறிடும். ஆகவே சூடேற்றத் தொடங்கும் முன்பே மெயின் வால்வ் எங்கே என்று பார்த்து, அது கைக்குத் திரும்புகிறதா என்று திருப்பிப் பார்த்துவிடுங்கள். பழைய வால்வுகள் இறுகிப்போயிருக்கும்.