இரண்டு கோவை

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் ஒரு சின்னப் புதிர் கொடுப்பது அலுவலகத்தில் என் வேலை. காற்புள்ளி இட்டு ஒரே நீள வரியில் ஊர்ப்பெயர்கள் இருக்கும். வரியைத் துண்டுகளாக வெட்டி, எந்த ஊர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் பத்து வரிகூடத் தேவையில்லை. பல ஆண்டுகள் ஆங்கில எழுத்தில்தான் கொடுத்துவந்தேன். சென்ற ஆண்டு என்ன தோன்றியதோ, பழைய பார்சல் பதிவேட்டிலிருந்து தமிழ்ப் பெயர்களையே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த முறை சேர்ந்த பெண் அரைமணி நேரத்தில் விடையோடு வந்தாள். சென்னை 63, கோவை 41, மதுரை 28. இன்னும் சில ஊர்கள் தள்ளி, மறுபடியும் கோவை 9.

"காற்புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை நீக்கினாயா?" என்றேன். இந்தப் புதிரில் எல்லோரும் விழும் குழி அதுதான்.

"நீக்கிவிட்டேன், மேடம்."

நான் நம்பவில்லை. திரையைக்கூடப் பார்க்காமல், போய் இன்னொரு முறை பார் என்று அனுப்பிவிட்டேன். பாவம், மாலை வரை அதையே பார்த்திருக்கிறாள்.

ஆறு மணிக்கு அருகில் போய் உட்கார்ந்தேன். இடைவெளியை ஒழுங்காகவே நீக்கியிருந்தாள். போதாததற்கு, இரண்டு கோவைக்கும் நீளம் கேட்டுவைத்திருந்தாள். ஒன்று 4, மற்றது 5.

"கோவையில் இரண்டு எழுத்துதானே, மேடம்?"

நமக்கு இரண்டுதான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'க' தனி, ஓகாரக் குறி தனி, 'வ' தனி, ஐகாரக் குறி தனி. ஆக நான்கு. அந்த ஓகாரக் குறியையே இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம்; அப்போது ஐந்து. திரையில் இரண்டுக்கும் ஒரே உருவம். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகள். யாரோ எப்போதோ பதிவேட்டை யூனிகோடுக்கு மாற்றியபோது அவற்றை ஒட்டாமல் விட்டிருக்க வேண்டும். பிழை நான் கொடுத்த பட்டியலில் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். எண்ணுவதற்கு முன் இயல்பாக்கம் செய்ய, அதாவது இப்படி இரு விதமாகச் சேமித்த ஒரே எழுத்தை ஒரே விதமாக்க, ஒரு வரி சேர்த்தாள். கோவை 50 ஆனது.

கிளம்பலாம் என்று எழுந்தபோது, "மௌலிவாக்கமும் இரண்டு இருக்கிறது" என்றாள். நீளம் 11, 12. ஔகாரக் குறிக்குப் பதிலாக யாரோ ஒற்றைக் கொம்பும் 'ள'வும் தட்டியிருந்தார்கள். 'ள' உண்மையான எழுத்து என்பதால் இயல்பாக்கம் அதைத் தொடாது. அவளே கொம்பு, 'ள' சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக மாற்றிப் பார்த்தாள். மௌலிவாக்கம் ஒன்றாகிவிட்டது. ஆனால் வெள்ளக்கோவிலின் தலையில் இருந்த 'வெள்' உடைந்து, புள்ளி தனியே தொங்கியது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பதிவேட்டில் மௌலிவாக்கத்தைக் கையால் திருத்தினேன். புதிரில் திருத்தவில்லை. இந்த ஆண்டும் அப்படியேதான் கொடுத்தேன்.