ஆப்பிரிக்க சஃபாரி: கம்பம், குமுளி பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

சஃபாரி என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, உங்களால் எந்த மாதம் வீட்டை விட்டு நகர முடியும் என்பது. எந்த நாடு, எவ்வளவு பணம், எந்த ஊசி என்பதெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தே மாறும்.

கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழை. நவம்பரில் ஒரு சிறுமழை. நம் முழுப்பரீட்சை லீவு சரியாகப் பெருமழைக்குள் போய் விழுகிறது. ஏப்ரலில் பாதி விலைக்கு பேக்கேஜ் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் காரணம் இதுதான். கென்யாவின் மசாய் மாரா ரிசர்வில் (சுருக்கமாக மாரா) பல இடங்களில் கரிசல் மண். நனைந்த கரிசல் டயர் இடுக்கை அடைத்துவிட்டால் நாலு வீலும் சேர்ந்து சுற்றினாலும் வண்டி பக்கவாட்டில்தான் போகும். புல்லும் வளர்ந்து நிற்கும். பத்தடியில் சிங்கம் படுத்திருந்தாலும் காது நுனிதான் தெரியும். சில முகாம்கள் அந்த மாதங்களில் மூடியே கிடக்கும்.

ஜூலை முதல் அக்டோபர் வரை காட்டுமாட்டுக் கூட்டம் (அங்கே வில்டபீஸ்ட் என்பார்கள், நம் ஊர்க் காட்டுமாடு அல்ல) மாரா ஆற்றுப் பக்கம் இருக்கும். டிவியில் எல்லோரும் பார்த்த முதலைக் காட்சி இங்கேதான். ஆனால் அது ஏலத்தோட்டக்காரர்களுக்குக் காய் எடுப்பு நேரம். தோட்டத்தை ஆளிடம் விட்டுவிட்டு பத்து நாள் போவது எல்லோராலும் ஆகாது. அவர்களுக்கு என் சிபாரிசு பிப்ரவரி, தான்சானியாவின் தெற்கு செரெங்கெட்டியை ஒட்டிய ந்டூட்டு. கூட்டம் குட்டி போடும் காலம் அது. சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் கன்றுகள் பிறக்கும். கன்றுகளைத் தேடி சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் சிங்கமும் திறந்தவெளிக்கு வரும். ந்டூட்டுவில் ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வரும் பாகத்தில் தடத்தை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி உண்டு. செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் கிடையாது. என் கணக்கில் ஆறு தாண்டும் காட்சியைவிட இது நம்பகமானது. ஆற்றங்கரையில் கூட்டம் மூன்று மணி நேரம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போவது சாதாரணம்.

ஆறுதான் வேண்டும், பிள்ளைகளும் வர வேண்டும் என்றால் தமிழ்நாட்டுக் காலாண்டு லீவு பொருந்தும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மாராவில் வில்டபீஸ்ட் கூட்டம் இன்னும் இருக்கும். மே லீவை விட்டால் வழியில்லை என்கிற குடும்பங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவை மறந்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். அங்கே மே மாதம் வறட்சி தொடங்கும், இலை உதிரும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும்.

க்ரூகரில் இன்னொரு வசதி, நாமே காரை ஓட்டலாம். நம்மைப் போலவே இடதுபக்க ஓட்டம். ஆர்டிஓ ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் செல்லும். பூங்காவுக்குள் தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கிலோமீட்டர்தான் வேகம். மே மாதத்தில் கேட் காலை 6-க்குத் திறந்து மாலை 5.30-க்கு மூடும், பிந்தினால் அபராதம். காரை விட்டு இறங்குவது முகாம்களிலும் பலகை வைத்த இடங்களிலும் மட்டும். முகாம் முன்பதிவு 11 மாதத்துக்கு முன்பே திறக்கும். சடாரா, லோயர் சாபி முகாம்கள் சீக்கிரம் தீரும். ரோட்டில் யானை நின்றால் ஹாரன் வேண்டாம், பக்கத்தில் நுழையவும் வேண்டாம், ரிவர்ஸ் எடுங்கள். வண்டிப்பெரியார் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்து நாட்கள். ஏழு இரவில் ஐந்து பூங்கா என்று அட்டவணை போட்டுக் கொடுக்கும் ஏஜெண்டிடம் போகாதீர்கள். நைரோபியிலிருந்து மாரா சுமார் 270 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து செரெங்கெட்டி நடுப்பகுதி ஏழெட்டு மணி நேரம். பூங்கா மாறும் ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல காலையோ மாலையோ போச்சு. மிருகம் நடமாடுவது காலை 6 முதல் 9.30 வரையும், மாலை 3.30-க்கு மேல் இருட்டும் வரையும்தான். கென்யா என்றால் மாராவுக்கு மூன்று இரவு, அம்போசெலி பூங்காவுக்கு இரண்டு, வழியில் நைவாஷா அல்லது நக்குரு ஏரிப் பக்கம் ஒன்று, நைரோபி ஒன்று. முதல் பயணத்துக்கு இது போதும். அம்போசெலியில் 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ தெரிவது பெரும்பாலும் விடியற்காலையில். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். அதனால்தான் அங்கே ஒரு இரவு போதாது.

வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டு இரண்டையும் ஒரே வண்டியில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடுவார்கள். நடுவில் சுற்றுலாப் பயணிகள் கடக்கும் வழி கிடையாது. மேற்கே இசெபானியா எல்லைச் சாவடிக்குப் போய், கென்ய வண்டியை விட்டு இறங்கி, அந்தப் பக்கம் தான்சானிய வண்டி ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போகும். இரண்டு நாடும் வேண்டுமென்றால் நைரோபியில் இறங்கி கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

நுழைவுக் கட்டணம்தான் பட்ஜெட்டை உடைக்கும். மாராவில் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024-ல் மாற்றினார்கள். ஆகஸ்டில் கணவன் மனைவி மூன்று நாள் உள்ளே போனால் கட்டணம் மட்டுமே 1,200 டாலர். டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை செல்லும். உள்ளே தங்கியவர்கள் கிளம்புகிற நாளில் 10 மணிக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். செரெங்கெட்டியில் கணக்கு 24 மணி நேரம். மதியம் 1 மணிக்கு நுழைந்தால் கிளம்பும் நாளிலும் 1 மணிக்குள் வெளியே வர வேண்டும். ங்கோரோங்கோரோ பள்ளத்தில் இறங்க ஆள் கட்டணம் போக வண்டிக்கே தனியாக 250 டாலர், அதன் மேல் 18 சதவீத வரி. கொட்டேஷன் வாங்கும்போது "கட்டணமும் வரியும் சேர்த்தா?" என்று எழுத்தில் கேளுங்கள்.

மாராவைச் சுற்றி மசாய் மக்களின் நிலத்தில் தனிக் காப்பகங்கள் இருக்கின்றன: மாரா நார்த், நபோயிஷோ, ஒலாரே மொடொரோகி. விலை கூடுதல். பதிலுக்கு வண்டிக் கூட்டம் குறைவு, இரவு சவாரி உண்டு, நடந்து போகலாம், தடத்தை விட்டு இறங்கலாம். ரிசர்வுக்குள் இரவு சவாரி கிடையாது. பணம் இருந்தால் லாட்ஜின் நீச்சல் குளத்துக்குக் கொடுப்பதை இதற்குக் கொடுங்கள்.

லாட்ஜைவிட முக்கியம் வண்டி. ஒரு நாளில் எட்டு மணி நேரம் அதில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். கூரை உயரும் லேண்ட் குரூசர் என்று எழுத்தில் வாங்குங்கள். மினிவேன் விலை குறைவு, மழையில் சிக்கும். வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் சீட்டா, வண்டி நமக்கு மட்டுமா அல்லது வேறு குழுவோடு சேர்த்தா, சார்ஜ் போட பிளக் உண்டா, டிரைவர் எல்லா நாளும் ஒரே ஆளா என்று கேளுங்கள். "கிலோமீட்டருக்கு வரம்பு உண்டா?" என்பதையும் விடாதீர்கள், வரம்பு வைத்த டிரைவர் டீசலை மிச்சம் பிடிக்க கேட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றுவார். கென்யாவில் கேட்டோ (KATO), தான்சானியாவில் டாட்டோ (TATO) என்னும் சுற்றுலா நிறுவனச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்புங்கள்.

இனி ஊசி. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான அட்டை கேட்பதில்லை, அதனால் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கேட்பது திரும்பி வரும்போது, நம் விமான நிலையத்தில். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குப் போனால் அவர்களும் கேட்பார்கள். க்ரூகர் போகிறவர் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவும் கேட்கும். துபாய், தோஹா வழி போனால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த ஊசி கிடையாது. நம் பக்கத்துக்குக் கொச்சி, தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகங்கள். சென்னை போகிறவர்களுக்குக் கிண்டி கிங் நிலையம். ஒரு புட்டியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாட்களில், பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் போடுவார்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே பதியுங்கள், பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். 60 வயது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் போடுவதில்லை. போட முடியாதவர்கள் மருத்துவ விலக்குக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மலேரியாவுக்கு ஊசி அல்ல, மாத்திரை. அடோவக்வோன்-ப்ரோகுவானில் என்றால் கிளம்ப ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள். டாக்ஸிசைக்ளின் மலிவு, ஆனால் திரும்பிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும். வெயிலில் தோல் எரியும். எது உங்களுக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

விசா சுலபம். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசா இல்லை. ஆன்லைனில் இ-டிஏ என்னும் பயண அனுமதி வாங்க வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. தான்சானியாவுக்கு இ-விசா 50 டாலர். 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க விசா கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்குத்தான். தான்சானியா அதில் சேராது.

மூட்டை கட்டும்போது: நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து குட்டி விமானத்தில் மாரா போனால் ஒருவருக்கு 15 கிலோ, கைப்பையும் சேர்த்து, அதுவும் துணிப் பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் கேரிபேக் தடை. ஊறுகாய், முறுக்கு எல்லாவற்றையும் கவரில் சுற்றும் நம் வழக்கத்தை விட்டுவிட்டுத் துணிப்பையும் டப்பாவும் எடுங்கள். ராணுவ உடை போன்ற புள்ளிச் சட்டை வேண்டாம். பல நாடுகளில் பிரச்சினை. கருநீலமும் கறுப்பும் வேண்டாம். தான்சானியாவின் தாரங்கிரே பூங்காவிலும் மேற்கு செரெங்கெட்டியிலும் உள்ள செட்சி ஈ அந்த நிறத்தைத் தேடி வந்து கடிக்கும், ஜீன்ஸ் துணியையும் தாண்டி. காக்கி, பழுப்பு, சாம்பல் போதும். பூமத்திய ரேகை என்று நம்பி ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிடாதீர்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேல். ங்கோரோங்கோரோ விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல். திறந்த கூரையில் காலை 6 மணிக் காற்று மூணாறு டிசம்பரைப் போலத்தான்.

பைனாகுலர் 8 × 42, ஆளுக்கு ஒன்று. ஒன்றை நாலு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் சிறுத்தை மரத்தை விட்டு இறங்கிவிடும். கேமராவுக்கு 100-400 லென்ஸ். டிரைபாட் வண்டிக்குள் உதவாது. ஜிப் வைத்த வெறும் துணிப்பையைக் கொண்டுபோய் மாரா போகும் வழியிலுள்ள நரோக் ஊரில் இரண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பினால் ஜன்னல் விளிம்பில் லென்ஸ் ஆடாமல் நிற்கும். படம் எடுக்கும்போது என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். டிரோன் எடுத்துப் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் ஏர்போர்ட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கென்யா, தான்சானியா பிளக் சதுரக் கால், அடாப்டர் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நம் ஊர் 15 ஆம்பியர் பெரிய பிளக் மாதிரியே.

சாப்பாடு பெரிய கவலை இல்லை. குஜராத்திகள் தலைமுறையாக வாழும் நாடுகள். சப்பாத்தி அங்கே உள்ளூர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. சைவக்காரர்கள் முன்பதிவிலேயே சொல்லிவிட்டு, மதியப் பெட்டிச் சாப்பாட்டுக்கும் தனியாக முந்தின இரவு நினைவூட்டுங்கள். கோழித்துண்டு தவறி வருவது அந்தப் பெட்டியில்தான். கூடாரத்தின் ஜிப்பை மூடாமல் போனால் குரங்கு உள்ளே புகும். வேலி இல்லாத முகாமில் இருட்டிய பின் காவலாளி இல்லாமல் சாப்பாட்டு அறைக்குக்கூட நடக்காதீர்கள். நீர்யானை இரவில்தான் கரையேறி மேயும்.

டாலர் நோட்டு 2009-க்குப் பிந்தையதாக, கிழியாமல் இருக்கட்டும். பழைய நோட்டை வாங்க மறுப்பார்கள். டிரைவர் டிப்ஸ் கடைசி நாளில், அவர் கையிலேயே. காட்டுக்குள்ளிருந்து விமானத்தில் தூக்கிவரும் செலவையும் இன்ஷூரன்ஸ் ஏற்குமா என்று பாருங்கள்.

மஞ்சள் அட்டை கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போட்டுவிடாதீர்கள். ஊருக்கு வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் முதல் வாக்கியமே ஆப்பிரிக்கா போய் வந்ததாக இருக்க வேண்டும். இங்கே காய்ச்சல் என்றால் டெங்கு பார்ப்பார்கள். அங்கே வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் மலேரியா, ஓரிரு நாளில் முற்றிவிடும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.