4 டிகிரி என்று காட்டிக்கொண்டே தண்ணீரை உறைய வைத்த கேம்பிங் ஃப்ரிட்ஜ்

நேற்று இரவு கம்ப்ரஸர் தானாக நின்றது. கால் மணி நேரம் கழித்துத் தானாக ஓடியது, மறுபடி நின்றது. மூன்று வாரமாக இந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன். நள்ளிரவு தாண்டியும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், 40 லிட்டர். 4 டிகிரிக்கு வைத்தால் திரை ஒழுங்காக 4 என்றே காட்டும். ஆனால் காலையில் திறந்தால் சுவரை ஒட்டி வைத்த தண்ணீர் பாட்டில் பாதி உறைந்திருக்கும். தனியாக ஒரு தெர்மாமீட்டரை உள்ளே போட்டால் மைனஸ் 2, மைனஸ் 3 என்று வரும். பேட்டரியும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கியது.

முதலில் கம்ப்ரஸரை இயக்கும் மின்னணுப் பெட்டியான மாட்யூலைச் சந்தேகப்பட்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன். தெர்மோஸ்டாட் கம்பிகளில் ஒன்றைக் கழற்றியதும் கம்ப்ரஸர் உடனே நின்றுவிட்டது. அப்படியானால் மாட்யூல் சொன்னபடி கேட்கிறது, ஓடச் சொல்வது கண்ட்ரோல் போர்டு. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அடுத்து, உள் வெப்பத்தை அளந்து போர்டுக்குச் சொல்லும் சென்சார். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் சாதாரண என்டிசி தெர்மிஸ்டர்தான், அதாவது சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. அறை வெப்பத்தில் அளந்தேன், 9 கிலோ ஓம். அறையும் 27 டிகிரி இருந்ததால் சரியாகத்தான் இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, போர்டைக் கழற்றி ஒவ்வொரு சால்டர் இணைப்பாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை.

வழி காட்டியது என் விரல்கள்தான். மறுபடி சென்சாரை அளக்கும்போது, மீட்டர் முனைகளைக் கம்பியோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். அளவு இறங்கியது, கையை எடுத்ததும் ஏறியது. உடம்பின் மின்தடை தெர்மிஸ்டருக்கு இணையாகச் சேர்ந்துவிடுகிறது. அப்போதுதான் உறைத்தது: சென்சாருக்குள்ளேயே ஈரம் இறங்கி இப்படி ஒரு இணைப்பாதை உண்டாகியிருந்தால்? சூட்டில் தெர்மிஸ்டரின் மின்தடை குறைவு என்பதால் அந்தக் கசிவு கண்ணுக்கே தெரியாது. குளிரக் குளிரத் தெர்மிஸ்டரின் மின்தடை ஏறும், கசிவின் பங்கும் கூடிக்கொண்டே போகும். பிழை குளிரில்தான் வெளியே வரும்.

அதனால் ஐஸ் சோதனை. இதில் அவசரப்பட்டால் எல்லாமே கெட்டுவிடும். தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியை மிதக்க விட்டால் போதாது. அடியில் தண்ணீர் 4 டிகிரி வரை இருக்கலாம். ஐஸை நன்றாக நொறுக்கி பாத்திரத்தை நிரப்பி, இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட வேண்டும். நன்றாகக் கலக்கி, சென்சாரை நடுவில் செருகி, அடியிலோ ஓரத்திலோ படாமல் பத்து நிமிடம் விட வேண்டும். மீட்டரை முதலை கிளிப்பில் மாட்ட வேண்டும், கையால் பிடிக்கவே கூடாது.

வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்தான் பி மதிப்பு. என் போர்டு பி மதிப்பு 3435 உள்ள தெர்மிஸ்டருக்கானது. 0 டிகிரியில் 27 கிலோ ஓமுக்குச் சற்று மேல் வர வேண்டும். வந்தது 21. போர்டின் கணக்கில் 21 என்றால் 6 டிகிரி! உள்ளே 0 ஆன பிறகும் பாவம், அது 6 என்று நம்பி கம்ப்ரஸரை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கசிவு சுமார் 90 கிலோ ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அறை வெப்பத்தில் பிழை ஒரு கிலோ ஓமுக்குள்தான் வரும், அன்று ஏன் கண்ணில் படவில்லை என்பதும் புரிகிறது. அந்த இரவு எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

உறுதிப்படுத்த, ஹேர் டிரையர் காற்றில் அரை மணி நேரம் காய வைத்து மறுபடி ஐஸில் வைத்தேன்: 27.1. ஃப்ரிட்ஜில் மாட்டி இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் 22. சரி, ஈரமேதான். சென்சாரை மூடியிருந்த பிசினை வெட்டிப் பார்த்தபோது கம்பி உறை முடிகிற இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

புது சென்சார் வாங்கியது தனிக் கதை. விற்றவர் '10கே' என்று மட்டும் போட்டிருந்தார், பி மதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்தது 3950. ஐஸில் வைத்தால் 33-க்கு அருகில் நின்றது, திரையோ மைனஸ் 4 என்றது. இப்போது தலைகீழ்: திரை 4 காட்டும்போது உள்ளே 7. திருத்த மதிப்பைப் போட்டு, அதாவது அளவோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டியோ கழித்தோ சமாளிக்கலாமே என்று நண்பர் சொன்னார். அது ஒரே ஒரு வெப்பநிலைக்குத்தான் பொருந்தும். 4-க்குச் சரி செய்தால் மைனஸ் 18-ல் மறுபடி வழுக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. பி மதிப்பை எழுதாமல் தெர்மிஸ்டர் விற்கவே கூடாது.

3435 கேட்டு வாங்கிய இரண்டாவது ஐஸில் 27.2. கம்பியோடு சேரும் இடத்தில் எப்பாக்ஸி பூசி, அதன்மேல் உட்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கினேன். சென்சாரை ஃப்ரிட்ஜின் உட்சுவரோடு இடைவெளி இல்லாமல் அலுமினிய டேப்பால் அழுத்தி ஒட்டியாகிவிட்டது. திரை 4, தனி தெர்மாமீட்டர் 3.6.

இன்னும் பக்கத் தகட்டை மூடவில்லை, அதற்குள் அடுத்த வேலை மனதில் ஓடுகிறது. பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை 5 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி. போக வர 10 மீட்டரில், 5 ஆம்பியருக்கு அரை வோல்ட்டுக்கு மேல் விழுகிறது. 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் 0.15 வோல்ட்டுக்குள் அடங்கும். மாட்யூல் 10.4 வோல்ட்டில் அணைந்துவிடும் வகை என்பதால் அந்த அரை வோல்ட்டை விட மனமில்லை. தெர்மோஸ்டாட் பாதையில் உள்ள ரெசிஸ்டரை மாற்றி கம்ப்ரஸரின் வேகத்தை நிமிடத்துக்கு 2,000 சுற்றாக இறக்கிப் பார்க்கவும் ஆசை.

அதற்கு முன் மைனஸ் 18 சோதனை. காலையிலேயே ஓட விட்டிருக்கிறேன். இதை எழுதும்போது திரையில் மைனஸ் 11, தெர்மாமீட்டரில் மைனஸ் 10.7.